பத்து ரெசிஸ்டர், பத்து மாவுங், பனி படியாத ஒரு ராத்திரி

போன சனிக்கிழமை ராத்திரி 10.40க்கு ஆரம்பித்து 1.45க்கு நிறுத்தினேன். 3 மணி 5 நிமிடம், 528 படம். வீட்டுக்கு வந்து பல்கூட விளக்காமல் கம்ப்யூட்டரில் ஏற்றி, முதல் படத்தையும் 528ஆவது படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பாலத்து விளக்குகள் இரண்டிலும் ஒரே மாதிரி ஊசிமுனையாக நின்றன. லென்சில் ஒரு பொட்டுப் பனி படியவில்லை. போன ஆகஸ்டிலிருந்து இந்தப் பனியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், கடைசியில் லென்சைச் சூடாக வைக்கும் ஒரு பட்டையை நானே செய்து கட்டினேன். மறந்து போவதற்குள் அதை எழுதி வைக்கிறேன். செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு நான் எங்கெங்கே சறுக்கினேன் என்பதுதான் கூடுதலாக உதவும்.

பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை எனக்கு. பல வருடமாக ராத்திரி ஏழுக்கு உள்ளே போய் காலை ஏழுக்கு வெளியே வரும் ஷிப்ட். லீவு நாளிலும் ராத்திரி தூக்கம் வராது, என்ன செய்வது, கேமராவைத் தூக்கிக்கொண்டு மோட்டாரில் கிளம்பிவிடுவேன். எங்கள் கூட்டத்தில் நாலு பேர். ஒருவர் மருத்துவமனையில் ராத்திரி டியூட்டி தாதி, ஒருவர் நாசி கண்டார் கடையில் இரண்டு மணிக்குக் கடை சாத்துகிறவர், இன்னொருவர் ஃபிலிம் காலத்தில் கல்யாண ஸ்டூடியோ நடத்திய அண்ணன். ராத்திரியில் படம் எடுக்கிறவர்களைப் பற்றிப் பெரிதாகக் கவிதையெல்லாம் சொல்வார்கள். எங்களுக்கு அந்த நேரத்தில்தான் கண் திறந்திருக்கும், அவ்வளவுதான் விஷயம். எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே தைப்பூசத்துக்கு முதல்நாள் விடியற்காலை, பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குக் கிளம்பக் காத்திருந்த இருட்டில்தான். அது வேறு கதை.

இந்த முறை எடுக்க நினைத்தது நட்சத்திரக் கோடு. தீவில் இருக்கும் பத்து மாவுங்கிலிருந்து எதிர்க்கரைப் பெருநிலத்தில் இருக்கும் பத்து காவான் வரை போகும் இரண்டாவது பினாங்குப் பாலம் 2014 மார்ச் 1ஆம் தேதி திறந்தது, மொத்தம் 24 கிலோமீட்டர், அதில் கடலுக்கு மேல் மட்டும் 16.9. நம் கரையில் நின்றால் அது கிழக்குப் பக்கம் நீண்டுகொண்டே போய் இருட்டில் கரைந்துவிடும். அதற்கு மேலே நட்சத்திரம் எழும்பி வருவதை மூன்று மணி நேரம் பிடித்து ஒரே படமாக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் போடும் படங்களில் கோடுகள் வட்டம் வட்டமாகச் சுழலும், துருவ நட்சத்திரம் நடுவில் ஆணி அடித்த மாதிரி நிற்கும். நம் ஊரில் அந்த ஆசை வேண்டாம். பினாங்கு இருப்பது 5 பாகை வடக்கில், ஆகவே துருவ நட்சத்திரமும் அடிவானத்துக்கு மேல் 5 பாகைதான், பெரும்பாலும் மேகத்துக்கும் மூட்டத்துக்கும் பின்னால் ஒளிந்திருக்கும். கிழக்கே பார்த்து எடுத்தால் கோடுகள் ஏறக்குறைய செங்குத்தாக மேலே போகும், கொஞ்சம் வலப்பக்கம் சாய்வாக. முதல் தடவை பார்த்தபோது ஏதோ தப்பாகிவிட்டது என்று நினைத்தேன். இப்போது எனக்கு அதுதான் அழகாகத் தெரிகிறது, யாரோ கடலிலிருந்து நூல் இழுக்கிற மாதிரி.

முதல் முயற்சி ஆகஸ்டில். கேமரா தூங்கியது ஏர்கான் அறையில், ஈரம் உறிஞ்சும் பெட்டிக்குள், 45 விழுக்காடு ஈரப்பதத்தில் சொகுசாக. அங்கிருந்து எடுத்து நேராகக் கடற்கரைக்குக் கொண்டுபோய்ப் பையைத் திறந்தேன். லென்ஸ் ஒரே நொடியில் குளிர்ந்த தேங்காய்த்தண்ணீர் பாட்டில் மாதிரி வேர்த்துவிட்டது. அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இதற்கு வைத்தியம் சுலபம். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் கேமராவை ஜிப் பையில் போட்டு இறுக்க மூடி, ஏர்கான் இல்லாத கூடத்தில் வைத்துவிட வேண்டும். பை வேர்க்கும், கேமரா வேர்க்காது.

அதைச் சரி செய்துவிட்டு அடுத்த தடவை போனால், முதல் ஐம்பது நிமிடம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் வந்து பார்த்தபோது 140ஆவது படத்துக்கு மேல் சனி பிடித்திருந்தது. ஒவ்வொரு படமாகத் தட்டிப் பார்த்தால் அது நடக்கிற விதம் தெரியும். முதலில் பாலத்து விளக்குகளைச் சுற்றி மெல்லிசாக ஒரு வளையம், பத்துப் படம் தாண்டியதும் அந்த வளையம் பஞ்சுமிட்டாய் அளவுக்கு உப்பும், 200இல் சின்ன நட்சத்திரங்கள் காணாமல் போகும், 260இல் பாலமே ஒரு மஞ்சள் கறை. பனி லென்சின் நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்குப் பரவியிருந்தது. காற்று அடித்துக்கொண்டே இருக்கும் கடற்கரையில் பனி படியாது என்று நினைத்திருந்தேன், அது தப்பு.

12 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு சின்ன ஈரமானி வாங்கினேன். நடுராத்திரியில் அது காட்டியது 25.6 பாகை, 93 விழுக்காடு. அந்தக் கணக்கில் கண்ணாடி காற்றைவிட ஒன்றேகால் பாகை குளிர்ந்தாலே தண்ணீர் படிய ஆரம்பித்துவிடும். வானத்தைப் பார்த்து நிற்கும் கண்ணாடிக்கு அந்த அளவு குளிர்வது ஒரு பொருட்டே இல்லை. வெளியே நிறுத்திய மோட்டார் சீட்டு விடியற்காலை நனைந்து கிடக்கிறதே, அதே சங்கதிதான். ஆக, லென்சைக் காற்றைவிட நாலைந்து பாகை சூடாக வைத்துக்கொண்டால் போதும். இது புரிந்த பிறகும் சுற்றி வளைத்துத்தான் போனேன்.

துணியால் துடைத்தேன். துடைத்த பத்தாவது நிமிடம் மறுபடி படியும், அதுவும் போக, துடைக்கும்போது கேமரா ஒரு மயிரிழை நகர்ந்ததில் எல்லாக் கோடும் அந்த இடத்தில் முழங்கை மாதிரி உடைந்திருந்தது. அப்புறம் இரவுச் சந்தையில் 6 வெள்ளிக்கு ஒரு யுஎஸ்பி விசிறி. பனி கொஞ்சம் தாமதித்தது உண்மை, ஆனால் விசிறி கடல் உப்பையும் சேர்த்து லென்சில் பூசியது. அதற்கப்புறம் மருந்துக்கடையில் முதுகுவலிக்கு ஒட்டும் சூட்டுப்பட்டை, ஒன்று 4.50, மூன்று வாங்கி லென்சைச் சுற்றிக் கட்டினேன். முதல் ஒரு மணி நேரம் பிரமாதம். பிறகு கீழ்ப்பக்கம் சூடு, மேல்பக்கம் குளிர், லென்சில் பிறைநிலா வடிவத்தில் பனி. அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, லென்சுக்குக் காய்ச்சலா, பட்டையெல்லாம் போட்டுப் படுக்க வச்சிருக்க?" என்றார். அன்றைக்கு அவரோடு மாமாக் கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடித்ததுதான் மிச்சம். 1930களில் பாரிஸ் தெருக்களில் ராத்திரியில் படம் எடுத்த பிரஸ்ஸாய், சிகரெட்டைப் பற்றவைத்து அது எரிந்து முடிகிற வரைக்கும் ஷட்டரைத் திறந்து வைத்திருப்பாராம், இருட்டு அதிகமென்றால் பெரிய ரக சிகரெட். அண்ணன் இதைக் குறைந்தது இருபது தடவை சொல்லியிருக்கிறார். "அவருக்கு லென்ஸ் பக்கத்துலேயே நெருப்பு இருந்துச்சு பாரு" என்று அன்றைக்குப் புதிதாக ஒரு வரி சேர்த்தார்.

நடுவில் அக்டோபர், நவம்பர் மழை. வெளியே போக வழியில்லை, அதனால் மேசையில் உட்கார்ந்தேன். லென்சுக்கென்றே தயாராகக் கிடைக்கும் மின் சூட்டுப்பட்டை இணையத்தில் 55 வெள்ளிக்கு இருந்தது. வாங்கியிருக்கலாம். ஆனால் தினமும் சோல்டர் இரும்பு பிடிக்கிற கை, இதைப் போய் காசு கொடுத்து வாங்குவதா என்று ஒரு வீம்பு.

அமைப்பு மிகச் சாதாரணம். இரண்டு செம்புக் கம்பிகளைத் தண்டவாளம் மாதிரி இணையாக ஓட்டி, நடுவில் தண்டவாளக் கட்டை போல ரெசிஸ்டர்களை (மின்தடைகளை) பற்றவைக்க வேண்டும். ஒரு முனையில் பழைய யுஎஸ்பி வயரின் சிவப்பும் கறுப்பும். பவர்பேங்கில் சொருகினால் 5 வோல்ட், ரெசிஸ்டர்கள் சூடாகும். என் லென்ஸ் குழாயின் சுற்றளவை நூல் போட்டு அளந்தேன், 24.5 சென்டிமீட்டர். பத்து ரெசிஸ்டர், இடைவெளி 24 மில்லிமீட்டர்.

இங்கேதான் சொல்லவே கூச்சமான தப்பு. பெட்டியில் 47 ஓம் கால் வாட் ரெசிஸ்டர் ஒரு கட்டு கிடந்தது, அதையே போட்டேன். ஐந்தை ஐந்தால் பெருக்கி 47ஆல் வகுத்தால் ஒவ்வொன்றிலும் அரை வாட்டுக்கு மேல். கால் வாட் தாங்கும் பொருளுக்கு இரண்டு மடங்கு. பள்ளிப் பையன்கூடப் போடும் கணக்கு, நான் போடவில்லை. சொருகி ஐந்து நிமிடத்தில் வண்ண வளையங்கள் பழுப்பாகி, கருகிய வார்னிஷ் நாற்றம் அடுப்படி வரைக்கும் போய்விட்டது. அம்மா, "டேய், எதையோ எரிக்கிற!" என்று கத்தினார். லென்சில் கட்டாமல் மேசையில் வைத்துச் சோதித்ததால் தப்பித்தேன். இதை மட்டும் பிடிவாதமாகச் சொல்கிறேன்: எந்தப் பட்டையாக இருந்தாலும் முதல் அரை மணி நேரம் லென்ஸ் இல்லாமல், ஒரு ஓட்டின் மேல் வைத்து ஓட்டிப் பாருங்கள்.

இரண்டாவது பட்டை, அதே 47 ஓம், ஆனால் 1 வாட் தாங்குவது, ஒன்று 30 காசு. இது கருகவில்லை. 1 ஆம்பியருக்கு மேல் இழுத்தது, மொத்தம் 5.3 வாட். ஜனவரியில் மழை விட்டதும் பத்து மாவுங்குக்குப் போய்க் கட்டினேன். பனி? ஒரு துளி இல்லை. சந்தோஷமாகத் திரும்பி வந்து பார்த்தால் முதல் இருபது நிமிடப் படங்கள் கூர்மை, அதற்கப்புறம் நட்சத்திரமெல்லாம் கொழகொழவென்று சோற்றுப்பருக்கை மாதிரி. ஃபோக்கஸ் வளையம் நகரவில்லை, டேப் ஒட்டியிருந்தேன். அடுத்த நாள் வீட்டில் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்தபோது அறை 28 பாகை, லென்ஸ் குழாய் 41. குளிர்ந்த லென்சில் ஃபோக்கஸ் வைத்துவிட்டு, பிறகு அதை 13 பாகை சூடாக்கினால் உள்ளே எல்லாம் விரிந்து ஃபோக்கஸ் தள்ளிப்போகத்தானே செய்யும். பனியைவிட இது மோசம், ஏனென்றால் கேமராவின் சின்னத் திரையில் பார்த்தால் தெரியாது.

மூன்றாவது பட்டைதான் இப்போது ஓடுவது. 100 ஓம், அரை வாட், பத்து. ஒன்று 15 காசு. பத்தும் இணையாகச் சேர்ந்தால் கணக்குப்படி 10 ஓம், என் மீட்டர் 10.3 காட்டியது. 0.48 ஆம்பியர், அதாவது ஏறக்குறைய 2.4 வாட். ஒவ்வொரு ரெசிஸ்டருக்கும் கால் வாட்தான் விழுகிறது, தாங்கும் அளவில் பாதி. லென்ஸ் குழாய் காற்றைவிட 6 பாகை மட்டும் சூடானது. தொட்டால் வெதுவெதுப்பு, குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீர் பதம். இன்னும் குறைக்கலாமே என்று ரெசிஸ்டர்களை ஐந்து ஐந்தாகப் பிரித்துத் தொடராக இணைத்தும் பார்த்தேன். 40 ஓம், 0.12 ஆம்பியர். அது வேறு வம்பில் மாட்டிவிட்டது. இழுக்கும் மின்சாரம் அவ்வளவு குறைந்தால், எதுவும் சொருகவில்லை என்று நினைத்துப் பவர்பேங்க் தானே அணைந்துவிடுகிறது. என்னுடையது ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. பழையபடி இணையாகவே மாற்றிவிட்டேன்.

சோல்டர் வைக்கும்போது ரெசிஸ்டர் கால்களை ஒட்ட வெட்டிவிடாமல், கம்பியில் ஒரு சுற்று சுற்றிப் பிறகு ஈயம் வையுங்கள். லென்சைச் சுற்றி வளைத்து வளைத்து எடுக்கிற பொருள், வெறும் ஈயப்பொட்டு நாலு தடவையில் விட்டுப்போகும். எனக்கு இரண்டு இடத்தில் விட்டது. பட்டையில் ஒரு இடம் மட்டும் குளிர்ந்திருப்பதைக் கையால் தடவித்தான் கண்டுபிடித்தேன்.

உறை அம்மாவின் கைவேலை. பழைய மழைக்கோட்டின் ஒரு துண்டு வெளியே, அவருடைய ரவிக்கை லைனிங் பருத்தித் துணி உள்ளே, நடுவில் ரெசிஸ்டர் ஏணி, முனையில் வெல்குரோ. ஒவ்வொரு ரெசிஸ்டருக்கும் இடையில் ஒரு தையல், இல்லாவிட்டால் எல்லாம் ஒரு மூலையில் போய்க் குவிந்துவிடும். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே, "இந்த ஊரில் பொறந்து வளர்ந்த எனக்கே ஒரு ஸ்வெட்டர் கிடையாது, உன் கேமராவுக்கு என்னடா குளிரு?" என்றார். தைத்து முடித்துச் சொருகிக் காட்டியதும் கையில் வாங்கி முட்டியில் ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்துவிட்டு, இன்னொன்று செய் என்று சொல்லியிருக்கிறார், கொஞ்சம் பெரிதாக.

கட்டும் இடத்தில் ஒரு தப்பு செய்தேன். முதலில் ஃபோக்கஸ் வளையத்தின் மேலேயே சுற்றி வெல்குரோவை இழுத்தேன், இழுத்த இழுப்பில் வளையம் திரும்பிவிட்டது, ஒரு ராத்திரி முழுக்க வீண். முன் கண்ணாடிக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கம், வளையத்துக்கு முன்னால், லென்ஸ் முனையில் மாட்டும் மறைப்பான ஹூடுக்குப் பின்னால் கட்ட வேண்டும். ஹூடைக் கழற்றாதீர்கள், பாதிப் பனியை அது தடுக்கிறது.

இப்போது போன சனிக்கிழமை. இடம், மீனவர்கள் படகு கட்டும் ஒரு சின்னத் துறை. பலகை போட்ட பகுதியில் முக்காலி வைத்தால் யாராவது நடக்கும்போதெல்லாம் அதிரும் என்று முன்பே பட்டிருந்ததால், கரை ஓரத்து சிமெண்டுக்கு வந்து, முக்காலியின் கொக்கியில் கல் போட்ட பையைத் தொங்கவிட்டேன். 9.50க்குப் பட்டையைக் கட்டி பவர்பேங்கை இயக்கினேன். உடனே ஃபோக்கஸைத் தொடவில்லை. லென்ஸ் சூடாகி நிலைக்க 30 நிமிடம் விட்டுவிட்டு, 10.20க்குப் பிறகுதான் பாலத்தின் தூரத்து விளக்கு ஒன்றைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி ஃபோக்கஸ் பிடித்து டேப் ஒட்டினேன். இந்த வரிசை முக்கியம். கேமரா அமைப்பு: எஃப் 4, ஐஎஸ்ஓ 400, ஒரு படத்துக்கு 20 விநாடி, நடுவில் 1 விநாடி இடைவெளி. நீண்ட நேர வெளிச்சத்துக்கான இரைச்சல் குறைப்பு என்று மெனுவில் ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் பிறகு கேமரா இன்னொரு 20 விநாடி தனக்குள் எண்ணிக்கொண்டிருக்கும், கோடு புள்ளிக்கோலமாகிவிடும். செப்டம்பரில் எனக்கு ஆனது.

ஷட்டரைத் தட்டும்போது சித்திரை நட்சத்திரம் அப்போதுதான் மூட்டத்துக்கு மேலே தலைகாட்டியிருந்தது. மார்ச் தொடக்கத்தில் அது நமக்கு ராத்திரி பத்தேகால் வாக்கில் கிழக்கே எழும்பும். பஞ்சாங்கத்தில் மட்டும் தெரிந்த பெயர், பாலத்துக்கு மேலே வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது. அதற்கப்புறம் மூன்று மணி நேரம் வேலையே இல்லை. ஒரு மீனவர் வந்து கேமராவையும் உறையையும் வயரையும் பார்த்துவிட்டு, கட்டுப் போட்ட நோயாளியைப் பார்க்கிற மாதிரி மெதுவாகச் சுற்றிக்கொண்டு போனார். 12 மணிக்கு மோட்டார் சீட்டைத் தடவினேன், கை நனைந்தது. கைவிளக்கைச் சாய்வாக அடித்து லென்சைப் பார்த்தேன், காய்ந்திருந்தது. அந்த ஒரு படத்தில் கைவிளக்கு வெளிச்சம் விழுந்துவிட்டது, அதைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அடுத்த தடவை பார்க்காமல் இருக்கப் பழக வேண்டும்.

527 படங்களையும் ஸ்டார்ஸ்டாக்ஸ் என்ற இலவச மென்பொருளில் சேர்த்தேன். விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் மூன்று விமானங்கள் குறுக்கே கோடு போட்டிருந்தன, அந்தப் படங்களில் மட்டும் கோட்டின் மேல் கறுப்புப் பூசிவிட்டுச் சேர்த்தேன். சித்திரையின் கோடு அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலிருந்து படத்தின் மேல் ஓரம் வரை அறுபடாமல் போகிறது. பத்து காவான் பக்கத்து வெளிச்சத்தால் கீழ்ப்பகுதி வெளிறித்தான் இருக்கிறது, அதற்குப் பட்டை ஒன்றும் செய்ய முடியாது.

செலவு: ரெசிஸ்டர் 1.50, வெல்குரோ 3.90, சூட்டில் சுருங்கும் குழாய் 2.50, யுஎஸ்பி வயரும் துணியும் வீட்டிலிருந்தவை. ஆக 7.90 வெள்ளி. விசிறி, முதுகுவலிப் பட்டைகள், கருகியதும் கொதித்ததுமான ரெசிஸ்டர்கள் என்று குப்பைக்குப் போனது 23 வெள்ளி. மானிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை, அவை வேறு வேலைக்கும் ஆகும். 10,000 மில்லி ஆம்பியர்-மணி பவர்பேங்க் நாலு மணி நேரம் ஓடிய பிறகு நாலு விளக்கில் ஒன்றுதான் அணைந்திருந்தது. கேமரா பேட்டரிதான் கடைசியில் 9 விழுக்காட்டில் நின்று வயிற்றைக் கலக்கியது, அடுத்த முறை அதற்கும் பவர்பேங்கிலிருந்து ஒரு வயர் போடப் போகிறேன்.

மாற்ற வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. நேற்று பட்டையை எடுத்துப் பார்த்தால் யுஎஸ்பி முனையின் உள்ளே பச்சையாக ஏதோ பூத்திருக்கிறது. ஒரே வாரத்தில் கடல் உப்பு வேலையைக் காட்டிவிட்டது. முனையை வெட்டி எறிந்துவிட்டு 4 வெள்ளிக்குப் புதிது வாங்கி, சேருமிடத்தில் சிலிக்கான் பசை தடவிக் காயவைத்திருக்கிறேன். நாளைக்குத்தான் சொருகிப் பார்க்க வேண்டும்.